குவில்ட் விற்கப் பங்குதாரர் வேண்டுமா? முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவரும் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டு வருடமாகக் கையாலேயே குவில்ட், அதாவது துணியை அடுக்கித் தைக்கிற போர்வை, தைக்கிறார்கள். மாதம் நாலைந்து உருப்படி தெரிந்தவர்கள் மூலமாகவே போய்விடுகிறது. இப்போது கணவரின் நண்பர் ஒருவர், ஏற்காட்டில் ஏரிப் பக்கம் கடை வைத்திருப்பவர், "நீங்க தைச்சுக் கொடுங்க, நான் வித்துத் தர்றேன். துணிக்கு ஒரு லட்சம் போடுறேன். லாபம் பாதிப் பாதி. பார்ட்னர்ஷிப் பத்திரம் போட்டுக்கலாம்" என்கிறாராம். சரி என்று சொல்லலாமா என்பது கேள்வி.

நான் சேலத்தில் குகைப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் தையல் யூனிட் நடத்துகிறேன். நைட்டி, தலையணை உறை என்று ஆரம்பித்து, ஒன்பது வருடமாகக் குவில்ட்டும் தைக்கிறோம். கூட்டு வியாபாரமும் செய்திருக்கிறேன், கடையில் சரக்கு வைத்து விற்றுப் பணம் வாங்கியும் இருக்கிறேன். இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இப்போதைக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவரோடு வியாபாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியது விற்றுத் தர ஓர் ஆள். அதற்குக் கமிஷன் கொடுக்கலாம், சரக்கை விலைக்கே கொடுத்துவிடலாம். தொழிலில் பாதியைக் கொடுக்கும் அளவுக்கு அங்கே வேலை இல்லை. ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

60க்கு 90 அங்குலத்தில் ஒரு சிங்கிள் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து ஓர் அங்குல இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டால் அறுபது வரி வரும். ஒரு வரி 90 அங்குலம். ஆக மொத்தம் 5,400 அங்குலம், மீட்டரில் சொன்னால் 137. அங்குலத்துக்கு ஐந்து தையல் என்றால் ஒரு போர்வைக்குள் 27,000 தையல் இருக்கிறது. எங்கள் யூனிட்டில் ஒரு தடவை கடிகாரம் பார்த்து நோட்டில் குறித்தோம். கை பழகிய பெண்ணுக்கு ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. அறுபது வரிக்கு முப்பது மணி நேரம். துணியை முதலில் நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பது, தேய்ப்பது, வெட்டுவது, துண்டுகளை இணைப்பது எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம். மூன்று அடுக்கும் நகராமல் இருக்கத் தற்காலிகத் தையல் போடுவதற்கும், கடைசியில் ஓரம் மடித்து அடிப்பதற்கும் ஐந்து மணி நேரம். மொத்தம் 45 மணி நேரம்.

நீங்கள் மூன்று பேர். வீட்டு வேலை போக ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தாலும் 375 மணி நேரம்தான் கிடைக்கும். அதில் எட்டுப் போர்வை வரும். இப்போதே நாலைந்து விற்றுவிடுகிறீர்கள். அப்படியானால் விற்காமல் நிற்கக்கூடியது மாதம் மூன்று, நான்கு போர்வை. அந்த நான்கு போர்வைக்காகவா ஒருவருக்குத் தொழிலில் பாதி?

இன்னொன்றையும் யோசியுங்கள். அவர் நன்றாகவே விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு ரிசார்ட்டில் பேசி நாற்பது போர்வைக்கு ஆர்டர் பிடித்து வருகிறார். உங்களுக்கு அது ஐந்து மாத வேலை, அதுவும் வேறு ஒருவருக்கும் ஒன்றுகூடத் தைக்காமல். ரிசார்ட்காரர் ஐந்து மாதம் காத்திருக்க மாட்டார். அப்போது பங்குதாரர் என்ன சொல்வார்? "மெஷின்ல அடிச்சுடலாம், யாருக்குத் தெரியப் போகுது" என்பார். அவர் பணம் போட்டவர், அவர் நிலையில் அப்படிச் சொல்வது நியாயம்தான். மெஷினில் தைப்பது பாவமும் இல்லை, என் யூனிட்டில் நைட்டியும் தலையணை உறையும் மெஷினில்தான் ஓடுகிறது. ஆனால் மெஷினில் அடித்த அடுத்த நாளே நீங்கள் பானிப்பட்டோடும் கரூரோடும் விலைப் போட்டியில் நிற்பீர்கள். அங்கே நம்மால் நிற்க முடியாது. கையால் தைத்தது என்பதற்காகத்தான் உங்களைத் தேடி வருகிறார்கள். விற்பனை உங்கள் கையை மீறிப் போனால் முதலில் போவது அதுதான்.

சரி, "பாதிப் பாதி"க்கு வருகிறேன். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். எதில் பாதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு போர்வை 5,500 ரூபாய்க்குப் போகிறது என்று வைப்போம். துணி, பஞ்சு, நூல் 900 ரூபாய். பேக்கிங், கூரியர் 250. மீதி 4,350. இதுதான் லாபம் என்று அவர் பிரித்தால் உங்களுக்கு 2,175, அவருக்கு 2,175. உங்கள் பக்கம் 45 மணி நேர உழைப்பு இருக்கிறது, அதாவது மணிக்கு 48 ரூபாய். அவர் பக்கம் நாலு போன், ஒரு பில்.

தையல் கூலியையும் செலவில் எழுதினால் கதையே மாறும். மணிக்கு 60 ரூபாய் என்று குறைவாகவே போடுங்கள், 2,700 ஆகிறது. அது போக உண்மையான லாபம் 1,650. அதில் பாதி 825. உங்கள் வீட்டுக்கு 3,525 வரும், அவருக்கு 825. விற்பனை விலையில் அது சரியாகப் பதினைந்து சதவீதம். இப்படிக் கணக்குப் போட்டு அவரிடம் காட்டுங்கள். ஒத்துக்கொண்டால் நல்ல மனிதர். ஒத்துக்கொண்டாலும், பதினைந்து இருபது சதவீதத்துக்கு விற்றுத் தருபவருக்குப் பெயர் கமிஷன் ஏஜென்ட், பங்குதாரர் இல்லை.

இதில் சட்டமும் உங்களுக்குச் சாதகமாக இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்திரத்தில் தனியாக எழுதாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. தொழிலுக்காக உழைத்ததற்கு எந்தப் பங்குதாரரும் சம்பளம் கேட்க முடியாது, அதையும் எழுதியிருந்தால்தான் உண்டு. யாரோ டைப் அடித்துக் கொடுத்த ஒரு பக்கப் பத்திரத்தில் இது இருக்காது. உங்கள் 27,000 தையலுக்கும் அந்தப் பத்திரத்தில் மதிப்பு பூஜ்யம்.

அதைவிடப் பெரியது கடன். ஒரு பங்குதாரர் தொழிலின் பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. பாதிக் கடனுக்கு மட்டும் இல்லை, முழுக் கடனுக்கும். கடன்காரர் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் போய் முழுத் தொகையையும் கேட்கலாம். இது எனக்கு நடந்தது. யூனிட் ஆரம்பித்த புதிதில் ஒருவரோடு கூட்டு வைத்தேன். தைப்பது நான், துணி எடுப்பதும் விற்பதும் அவர். நம் ஊர் ஜவுளி வியாபாரம் தவணையில்தான் நடக்கிறது, இன்றைக்கு எடுத்த துணிக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துப் பணம். அவர் தொழிலின் பெயரைச் சொல்லி மூன்று இடத்தில் துணி எடுத்திருந்தார். அதில் பாதி என் யூனிட்டுக்கு வரவே இல்லை. ஒரு நாள் காலையில் மூன்று வியாபாரிகளும் வாசலில் நின்றார்கள். பில்லில் என் பெயரும் இருந்தது. தாலிச் செயினைத் தவிர மற்ற நகையை எல்லாம் அடகு வைத்து, பதினாலு மாதம் கட்டினேன். துணி கொடுத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் பொருளுக்கு அவர்கள் பணம் கேட்டார்கள்.

உங்கள் நண்பர் அப்படி என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு லட்சம் போடுகிறேன் என்கிறார், அதுவரை நல்லது. அந்த ஒரு லட்சம் தீர்ந்தபின் துணி எப்படி வரும், கடனுக்கு எடுத்தால் யார் கையெழுத்து என்று கேளுங்கள். அப்புறம் இன்னொன்று. பத்திரம் போட்டாலே பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லைதான். ஆனால் பதிவு செய்யாத கூட்டில், பங்குதாரர் மேல் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. கணக்கை முடித்துக் கூட்டைக் கலைக்கச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். பணம் வராவிட்டால், கூட்டைக் கலைக்காமல் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நான் அனுபவித்தேன்.

இனி ஏற்காடு. மலைமேல் கடை என்றால் சுற்றுலாக் கூட்டம், குளிர், போர்வை தானாகப் போகும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழெட்டு வருடத்துக்கு முன் புரட்டாசியில் மேலே ஒரு கடையில் பதினெட்டுப் போர்வை வைத்தேன், விற்றால் பணம் என்று பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. மாசியில் போனபோது பதினொன்று விற்றிருந்தது, ஏழு திரும்பி வந்தது. அந்த ஏழில் ஒன்றை வீட்டுத் திண்ணையில் விரித்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அடர் நீலமும் வெள்ளையும் கலந்து தைத்தது. நான்காக மடித்துக் கண்ணாடி ஓரம் அடுக்கியிருந்திருக்கிறார்கள். வெயில் பட்ட மடிப்பில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. விரித்தால் நடுவில் ஒரு பட்டை. மூக்குக்குக் கிட்டே கொண்டு போனால் பூஞ்சை வாடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைமேல் காற்றே ஈரமாக இருக்கும், நடுவில் இருக்கிற பஞ்சு அதை அப்படியே குடித்துக்கொள்ளும். மூன்று நாள் மொட்டை மாடியில் காய வைத்தும் வாடை போகவில்லை. 45 மணி நேர வேலை, ஏழு போர்வை, கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை. "விக்கலைன்னா நான் என்னக்கா பண்றது" என்றார். கெட்டுப் போனால் யார் பொறுப்பு என்று நாங்கள் பேசியே இருக்கவில்லை.

அதில் நான் கற்றது இன்னொன்றும் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் மிளகு, காபித் தூள், சாக்லேட் வாங்குகிறார்கள். கையில் எடுத்ததும் வாங்கிவிடுகிற விலை அது. 5,500 ரூபாய்ப் போர்வையைத் தொட்டுப் பார்ப்பார்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள், வரும்போது பார்க்கலாம் என்று போய்விடுவார்கள். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்திலும் இதேதான். விற்ற பதினொன்றில் எட்டு, குழந்தைப் போர்வை. அதனால் மேலே கடைக்குக் கொடுப்பதானால் 36க்கு 45 அங்குலத்தில் குழந்தைப் போர்வை கொடுங்கள். தையல் 1,620 அங்குலம்தான், பெரியதில் பத்தில் மூன்று பங்கு. எல்லாம் சேர்த்துப் பதினாலு மணி நேரத்தில் முடியும். கூலி 840, பொருள் 300, ஆக அடக்கம் 1,140. நீங்கள் கடைக்கு 1,350க்குக் கொடுத்தால் அவர் 1,800 வைத்து விற்கலாம்.

விலை வைக்கும்போது ஜிஎஸ்டியை மறக்காதீர்கள். நீங்கள் உங்கள் பெயரிலேயே தமிழ்நாட்டுக்குள் நேராக விற்கும்வரை, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாமல் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. மாதம் எட்டுப் போர்வை என்றால் வருடத்துக்கு ஐந்தேகால் லட்சம்தான். வெளி மாநிலத்துக்கு விற்றால் விதி வேறு, பெங்களூரு ஆர்டர் என்று யாராவது சொன்னால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள். நண்பரின் கடைக்கு ஏற்கெனவே பதிவு இருந்து, அந்தக் கடை பில்லில் விற்றால் வரி சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் பருத்திக் குவில்ட்டுக்கு ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். மேலே சொன்ன 5,500 ரூபாயில் வரியும் அடக்கம் என்றால் 839 ரூபாய் வரிக்குப் போய்விடும். 1,650 லாபம் என்று போட்டோமே, அதில் பாதி அங்கேயே காலி. குழந்தைப் போர்வை 5 சதவீதத்தில் நிற்கும். பெரியதை அவர் கடையில் வைப்பதானால் 6,500க்குக் குறைத்து விற்றால் யாருக்கும் கட்டாது. அந்த விலைக்கு மலைமேல் போகுமா என்று அவரிடமே கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியும்.

இதையெல்லாம் விட முக்கியமாக எனக்குப் படுவது உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தையோடு நின்றுவிட்ட பக்கத்து வீட்டு அக்கா. அவருக்கு இப்போது என்ன கொடுக்கிறீர்கள்? போர்வைக்கு இவ்வளவு என்றா, வந்ததில் மூன்றில் ஒரு பங்கா, இல்லை ஏதோ கையில் இருப்பதைக் கொடுக்கிறீர்களா? இரண்டு வருடம் உங்களோடு உட்கார்ந்து தைத்தவர். நீங்களும் நண்பரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் அதில் எங்கேயும் இருக்க மாட்டார், உங்கள் மாமியாரும் இருக்க மாட்டார். ஒரு நாள் கூடத் தைக்காத ஒருவருக்குப் பாதி, கூடவே உட்கார்ந்து தைத்தவருக்கு வெறும் கூலி என்று ஆனால் அந்த அக்கா வாய் திறந்து கேட்க மாட்டார், மெல்ல வருவதை நிறுத்திவிடுவார். மூன்று கையில் ஒரு கை போனால் எட்டுப் போர்வை ஐந்தாகும். வெளி ஆளோடு பேசுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசி, கூலியா பங்கா என்று முடிவு செய்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் கண்ணு. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் பெயர். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் எண் யார் போனில் இருக்கிறதோ அவர்தான் வியாபாரி. நண்பர் கடையின் பெயரில் பக்கம் தொடங்கி, அவர் எண்ணைப் போட்டு, இரண்டு வருடம் ஓடியபின் பிரிந்தால் உங்களிடம் ஊசியும் நூலும் மட்டும் இருக்கும். ஒரு பெயர் வைத்து உங்கள் பெயரிலேயே டிரேட்மார்க்குக்கு விண்ணப்பியுங்கள். துணி, படுக்கை விரிப்பு வகைக்கு 24ஆம் வகுப்பு. தனி நபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். அது இப்போது முடியாவிட்டாலும், ஒரு சின்னத் துணி லேபிளில் பெயரும் போன் எண்ணும் அடித்து ஒவ்வொரு போர்வையின் பின்பக்க மூலையிலும் தைத்துவிடுங்கள். நண்பரிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். "அதனால் என்ன, தைச்சுக்குங்க" என்பவரோடு நிம்மதியாக வியாபாரம் செய்யலாம். லேபிள் வேண்டாம் என்று சொன்னால், வாடிக்கையாளர் உங்களை அறியக் கூடாது என்று நினைக்கிறார்.

விற்பனையைக் கூட்ட வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதற்கு யாரும் நடுவில் தேவையில்லை. அம்மா கட்டிய புடவை, பாட்டியின் சுங்குடி, இவற்றைக் கொண்டு வந்து போர்வையாகத் தைத்துக் கேட்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். என் யூனிட்டில் பாதிக் குவில்ட் அப்படித்தான் போகிறது. துணிச் செலவு குறைவு, முன்பணம் வாங்கலாம், விற்காமல் நிற்காது, விலையில் பேரம் பேசுவதும் குறைவு. ஆனால் அதைத் தைக்கும் கை நேராக அந்த மனிதரோடு பேச வேண்டும். போன தையில் ஒரு பெண் அம்மாவின் நாலு புடவையைக் கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நூல் இற்று, சல்லடை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. அந்த இடங்களை விட்டுவிட்டு வெட்ட வேண்டும், அல்லது அடியில் மெல்லிய துணி கொடுத்துத் தைக்க வேண்டும். ஒரு முந்தானை ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. அதை வெட்டிவிடலாமா என்றேன். "அது அம்மா கை துடைச்ச கறை, அதை நடுவுல வைங்க" என்றார். கடைக்காரர் மூலமாக வந்திருந்தால் அந்தக் கறையை நான் முதலில் வெட்டி எறிந்திருப்பேன்.

சேலத்து வெயிலுக்குக் கனமான போர்வை யாருக்கும் வேண்டாம், அதுவும் இதற்கு ஒத்துப் போகிறது. பஞ்சே வைக்காமல் மூன்று அடுக்குப் பழைய பருத்திப் புடவையைச் சேர்த்துத் தைத்தால் ஏசி அறைக்குச் சரியாக இருக்கும். வங்காளத்துக் காந்தாவும் வட கர்நாடகத்துக் கவுதியும் பழந்துணியை அடுக்கித் தைக்கிற இதே வேலைதான். நம் வீடுகளிலும் பாட்டிமார் குழந்தைக்கு இப்படித்தான் தைத்தார்கள். நீங்கள் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை.

பங்குதாரரே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. துணியைத் தேடி எடுத்து, நனைத்து, சாயம் பார்த்து, படம் எடுத்து, பேக்கிங் செய்து, விற்காத சரக்கின் நஷ்டத்தில் தன் பங்கையும் ஏற்று, உங்களைப் போலவே தினமும் நாலு மணி நேரம் இதில் உட்காருகிறவர் கிடைத்தால், அவருக்குப் பங்கு கொடுங்கள். அப்போதும் கூலி தனி, லாபம் தனி. வங்கியில் இருவர் கையெழுத்து. கடனுக்குத் துணி எடுக்க இருவர் சம்மதம். பிரிந்தால் பெயர் யாருக்கு என்று முதலிலேயே எழுத்து. பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். இதற்கு ஒரு வக்கீலிடம் காசு கொடுத்தே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு நண்பரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, பத்திரம் பின்னாடி பார்த்துக்கலாம். ஆறு மாசம் கடைக்குச் சரக்கு தர்றேன். வித்துப் பார்ப்போம்." ஆறு குழந்தைப் போர்வை, இரண்டு பெரியது போதும். விலைக்கே வாங்கிக்கொண்டால் ரொம்ப நல்லது. அப்படி வாங்குவதானால் நீங்கள் முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்துகொள்ளுங்கள். ஆதார், பான் போதும், கட்டணம் இல்லை. பதிவு இருந்தால், எழுத்தில் நாள் குறித்திருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு.

விற்றால்தான் பணம் என்று அவர் சொன்னால், ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை உருப்படி, ஒவ்வொன்றின் நிறம், அளவு, உங்களுக்கு வர வேண்டிய விலை. அதில் "கமிஷன்" என்றே எழுதுங்கள், "லாபப் பங்கு" என்று எழுத வேண்டாம். வாய்ப் பேச்சிலேயே கூடக் கூட்டு உருவாகிவிட்டதாகச் சட்டம் பார்க்கக் கூடும். மாதா மாதம் ஐந்தாம் தேதி கணக்கு. வெளுத்தாலோ ஈரம் பட்டாலோ அடக்க விலையை அவர் தர வேண்டும். ஐப்பசிக்கு முன் விற்காத சரக்கு கீழே வந்துவிட வேண்டும். கண்ணாடி ஓரத்தில் ஒரே ஒரு மாதிரி மட்டும் தொங்கட்டும், மற்றது பருத்தித் துணிப் பையில் போட்டு உள் அலமாரியில். பிளாஸ்டிக் கவரில் வைக்கச் சொல்லாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். நீங்களோ உங்கள் கணவரோ மாதம் ஒரு தடவை மேலே போய், ஒவ்வொன்றையும் விரித்து உதறி, மடிப்பை மாற்றி மடித்து வைத்துவிட்டு வாருங்கள். அப்படிப் போகும்போது கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உங்கள் போர்வையை எடுத்துப் பார்ப்பவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்த விலையில் கீழே வைக்கிறார்கள் என்று கவனித்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு எழுதுங்கள், பத்திரம் போடுவதா வேண்டாமா என்று அப்போது உட்கார்ந்து பார்ப்போம்.